சேதுபதி பொன்னுக்கு உறை ஊற்றிய நாற்பது நாள்

செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கிழக்கே பார்த்து உட்கார்ந்து, மனசாட்சி அறியச் சொல்கிறேன்: இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. நாள், மாடி எண், வளையலின் எடை எல்லாம் சரிபார்த்தவை. நம்பாதவர்கள் செம்பவாங் பக்கம் போய் யாரை வேண்டுமானாலும் விசாரிக்கலாம். அவர்களும் நம்பமாட்டார்கள், அது வேறு விஷயம்.

சிங்கப்பூரின் செம்பவாங்கில் ஒன்பதாவது மாடியில் குடியிருந்த சேதுபதி, கப்பல் பட்டறையில் முப்பத்து நாலு வருஷம் வெல்டிங் சோதிக்கும் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இரும்பு ஒட்டில் கடுகளவு குமிழி தெரிந்தாலும் சாக்கட்டியால் வட்டம் போட்டு, ஒரு வார்த்தை பேசாமல் நகர்ந்துவிடுவார். வெல்டர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். மகள் நிரஞ்சனாவுக்கு வரன் பார்த்தபோது, மாப்பிள்ளையின் பட்டச் சான்றிதழை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து முத்திரை அசல்தானா என்று பார்த்த மனிதர் அவர். மாப்பிள்ளைக்கு இன்றுவரை அந்தக் கோபம் உண்டு.

இப்பேர்ப்பட்ட ஆள் மாட்டினார் என்றால், மாட்டிவிட்டவன் எவ்வளவு பெரிய கில்லாடியாக இருக்க வேண்டும் என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை. மாட்டிவிட்ட ரத்னவேல் பரம சாது. பள்ளிப் பிள்ளைகளுக்கு ரசாயனம் டியூஷன் சொல்லிக்கொண்டிருந்தவன். தேக்காவில், டன்லப் ஸ்திரீட்டில், ஒரு மளிகைக் கடைக்கு மேலே அறை எடுத்து 'பொன்னுயிர்' என்று பலகை மாட்டியிருந்தான். தங்கச் சுரங்கத்தில் பங்கு விற்கும் கம்பெனி.

சுரங்கம் எங்கோ ஒரு மலையில் இருந்தது. மலையின் பெயரை ரத்னவேல் சொல்லவில்லை. சொன்னால் மற்றவர்கள் போய்த் தோண்டிவிடுவார்கள் என்றான். நியாயம்தானே? அந்த மலைப் பாறையில் தங்கம் இருந்தது. ஆனால் எந்த இயந்திரத்தாலும் பிரிக்க முடியாத அளவுக்குப் பொடிப் பொடியாக இருந்தது. அதைப் பிரிக்க அவன் கண்டுபிடித்தது ஒரு நுண்ணுயிர். பாறைச் சேற்றைத் தின்று, தங்கத்தை மட்டும் ஒதுக்கி அடியில் வைத்துவிடும் என்றான்.

"சான்று?" என்று கேட்டார் சேதுபதி. பன்னிரண்டு காகிதங்கள் கேட்டார். ரத்னவேல் பதினான்கு கொடுத்தான். கேட்டதற்கு மேல் இரண்டு கொடுத்த மனிதரைச் சேதுபதி வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தார். அப்போதே லேசாக ஆடிப்போனார்.

"காகிதம் இருக்கட்டும் தம்பி. ஒரு பூச்சி எப்படித் தங்கம் செய்யும்? அதச் சொல்லுங்க."

"ஐயா வீட்டுல தயிருக்கு யாரு உறை ஊத்துவாங்க?"

"என் வீட்டுக்காரி."

"ஒரு ஸ்பூன் மோர விடுறாங்க. காலையில பாத்தா பால் பூரா தயிரா இருக்கு. அது எப்படின்னு அவங்ககிட்ட என்னிக்காவது சான்று கேட்டிருக்கீங்களா?"

சேதுபதி யோசித்தார். முப்பத்தைந்து வருஷமாகத் தயிர் சாப்பிடுகிறார். ஒருநாள்கூடக் கேட்டதில்லை. அந்த வெட்கத்தில் அவர் தலை குனிந்தது, குனிந்த இடத்தில் படிவம் இருந்தது, கையெழுத்துப் போட்டார். ஐயாயிரம் வெள்ளிக்குப் பங்கு.

அதோடு முடிந்திருந்தால் கதையே இல்லை. அந்த நுண்ணுயிர் பெரிய ஆலையில் வளராதாம். வீட்டுச் சூடு வேண்டும், மனித வாடை வேண்டும். ஆகவே பங்குதாரர் ஒவ்வொருவரும் வீட்டில் ஒரு நீல பிளாஸ்டிக் டிரம் வைத்துக்கொள்ள வேண்டும். மலைச் சேறு கம்பெனி லாரியில் வரும். ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், மூடி திறந்து அடியில் கைவிடக்கூடாது. மேலே ஒரு துவாரம் உண்டு. அதன் வழியாகத் துடுப்பை விட்டு, காலை ஆறு மணியிலிருந்து இரவு பத்து வரை இரண்டு மணிக்கொரு தரம் வலப்பக்கமாக நூற்றெட்டுச் சுற்றுக் கலக்க வேண்டும். வேளைக்கு ஓர் உருண்டை வெல்லம். இரவில் அது தூங்கும்.

"அப்புறம் ஐயா, உறைக்குக் கொஞ்சம் தங்கம் வேணும். நல்ல தங்கமா இருக்கணும். தங்கம்னா என்னன்னு அதுக்கு முதல்ல தெரியணும்ல?"

மோர் இல்லாமல் பால் எப்படித் தோயும்? இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது என்று சேதுபதிக்கே தோன்றியது.

வீட்டில் அப்போது மனைவி சந்திரமதி இல்லை. நிரஞ்சனா எட்டு வருஷத்துக்குப் பிறகு உண்டாகியிருந்தாள். டாக்டர் படுத்தே இருக்கச் சொன்னதால், சந்திரமதி பாசிர் ரிஸில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே பாத்திரம் கழுவும் கைக்கு எதற்கு என்று தன் கல்யாண வளையல் இரண்டையும் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். கெட்டி வளையல்; ஒவ்வொன்றும் மூன்று பவுன். ஒன்பதாம் மாதம் வளைகாப்பில் மகள் கையில் முதலில் அதைத்தான் ஏற்றுவேன் என்பது அவள் எட்டு வருஷத்து வேண்டுதல். சேதுபதி நாள்காட்டியைப் பார்த்தார். வளைகாப்புக்கு இன்னும் அறுபது நாளாவது இருந்தது. டிரம்முக்கு நாற்பத்தெட்டு. போட்டதும் வரும், போடாததும் சேர்ந்து வரும். பன்னிரண்டு நாள் மிச்சம். இரண்டு வளையலையும் பூப்போல டிரம்முக்குள் இறக்கினார்.

மூடியைத் திருகிய அந்த நிமிஷத்தில் உள்ளே போனது வளையல் மட்டுமல்ல.

இரண்டு மணி நேரம் என்பது கேட்பதற்கு நிறையப் போலத் தோன்றும். வாழ்ந்து பார்த்தால்தான் தெரியும். கலக்கி முடிக்க இருபது நிமிஷம். கை கழுவி, மூச்சு வாங்கி நிமிர்ந்தால் அடுத்த கலக்கலுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம். அதற்குள் போய்த் திரும்பக்கூடிய ஊர்தான் இனி உலகம். ஈசூன் உலகத்துக்குள் இருந்தது. உட்லண்ட்ஸ் இருந்தது, ரயிலுக்குக் காத்திருக்கும்படி ஆகாவிட்டால். தேக்கா, முந்தைய கலக்கலைக் கொஞ்சம் வேகமாக முடித்துக்கொண்டு ஓடினால், பதினைந்து இருபது நிமிஷம் நிற்கலாம். பாசிர் ரிஸ் உலகத்துக்கு வெளியே போய்விட்டது.

முதல் வாரம் மகளைப் பார்க்க வரமுடியாததற்கு டெங்கு என்றார். இரண்டாம் வாரம் முட்டிவலி. மூன்றாம் வாரம் லிஃப்ட் பழுது.

"லிஃப்ட் வேல செய்யலன்னா காய்கறியெல்லாம் எப்படிங்க மேல வருது?" என்றாள் சந்திரமதி கைப்பேசியில்.

"இருதயம் வாங்கியாந்து குடுக்குறான்."

"அவரு மட்டும் எப்படி ஏறி வர்றாரு?"

சேதுபதி சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டார்.

இருதயம் என்பது ஐந்தாவது மாடி இருதயராஜ். அதே கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தவர். சேதுபதியின் சாக்கட்டி வட்டத்தை அதிகம் வாங்கியவர் என்ற பெருமை அவருக்கு உண்டு. சேதுபதியே கையெழுத்துப் போட்டார் என்று கேள்விப்பட்டதும், "இன்ஸ்பெக்டரு பாஸ் பண்ணிட்டாருன்னா கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம் லா" என்று அவரும் ஒரு டிரம் வாங்கி, தன் மோதிரத்தை உறைக்குப் போட்டிருந்தார். தினம் சாயங்காலம் மேலே வந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, சேதுபதி கலக்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"தோள்பட்டைய எறக்காத இன்ஸ்பெக்டர். அம்பத்தி மூணா, அம்பத்தி நாலா?"

"பேசாத, எண்ணிக்க போயிடும்."

"போனா முதல்லேருந்து பண்ணு. நான் எத்தன தடவ பண்ணிருக்கேன்."

டிரம்முக்குள் ஏதோ நடந்துகொண்டுதான் இருந்தது. இருபதாம் நாள் நுரை கட்டியது. சேதுபதிக்கு மேல்வரிசையில் இடப்பக்கம் ஒரு தங்கப் பல் உண்டு. துவாரத்தில் எட்டிப் பார்த்து அவர் வாயைத் திறந்தால் நுரை அந்தப் பக்கமாகச் சாயும். மூடினால் நேராகிவிடும். அன்றிலிருந்து பக்கத்தில் போகும்போதெல்லாம் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். சந்திரமதி காணொளியில் பேசினால் அவள் மூக்குத்திக்குக்கூட லேசாகச் சலசலக்கும். ஆகவே கைப்பேசியை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்ப் பேசினார். கணவன் ஏன் ஒவ்வொரு தடவையும் குளியலறையிலிருந்தே பேசுகிறார் என்று சந்திரமதி கேட்கவில்லை. கேட்காததைக் குறித்து வைத்துக்கொண்டாள்.

முப்பத்தெட்டாம் நாள் போன் வந்தது.

"என்னங்க, டாக்டரு குழந்த முன்கூட்டியே பொறந்துடலாம்ங்குறாரு. வளைகாப்ப தள்ளிப்போட வேணாம்னு வர்ற ஞாயித்துக்கிழமையே வச்சுட்டோம். அலமாரில என் வளையல் இருக்குல்ல, எடுத்துட்டு வந்துடுங்க."

"ஞாயித்துக்கிழமையா?"

"ஏன், அன்னிக்கும் லிஃப்ட் வேல செய்யாதா?"

ஞாயிற்றுக்கிழமை என்பது நாற்பத்தொன்றாம் நாள். போனை வைத்த பதற்றத்தில் சேதுபதி வெல்ல உருண்டையை வாயில் போட்டுக்கொண்டு டிரம்முக்கு மாத்திரையைப் போட்டுவிட்டார். ரத்த அழுத்த மாத்திரை. நுரை இரண்டு நாள் கொஞ்சம் அடங்கியிருந்தது.

புது வளையல் வாங்கி வைத்துவிடலாமா என்றும் யோசித்தார். ஆனால் சந்திரமதி கல்யாணமான புதிதில் கதவிடுக்கில் கை மாட்டி, ஒரு வளையலில் ஓரமாக ஒரு நசுங்கல் விழுந்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டே அந்த நசுங்கலைத் தடவிக் கண்டுபிடிப்பாள். அதற்கு அவர் எந்தக் கடைக்குப் போவார்?

நாற்பதாம் நாள், சனிக்கிழமை, பத்து மணிக் கலக்கலை முடித்த கையோடு ரயிலேறித் தேக்காவுக்குப் போனார். சிராங்கூன் ரோட்டில் சனிக்கிழமைக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி, மளிகைக் கடை மாடிப்படியேறிக் கதவைத் தட்டினார். கதவு ஒரு சாண் திறந்தது. கைலி, மார்பு வரை தாடி, கையில் துடுப்பு. யாரோ சாமியார் என்று நினைத்தார். ரத்னவேல்தான்.

"ஐயா! உள்ள வாங்க, கலக்கிக்கிட்டே பேசலாம்."

உள்ளே நாற்காலி, மேசை எதுவும் இல்லை. வரிசையாக ஆறு டிரம். ஒவ்வொன்றிலும் ஒட்டுத்தாளில் பெயர் எழுதியிருந்தது: அம்மா, சின்ன அத்தை, தங்கச்சி, தங்கச்சி மாமியார், அம்மாவேதான் மறுபடியும், கடைசியில் டியூஷன் மாணவியின் பாட்டி. எல்லாருடைய தங்கமும் அவற்றுக்குள் இருந்தது. ஒரு டிரம்மைக் கலக்க இருபது நிமிஷம். ஆறாவதை முடிக்கும்போது முதலாவதுக்கு நேரம் வந்துவிடும். ரத்னவேல் அந்த அறையை விட்டு வெளியே போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. சாப்பாட்டைக் கீழ்க்கடைக்காரர் வாளியில் கட்டி மேலே அனுப்பிக்கொண்டிருந்தார்.

"தம்பி, நாளைக்கு எனக்கு வளையல் வேணும். இன்னிக்கித் தொறந்தா என்னாவும்?"

ரத்னவேலின் கை நின்றது. பிறகு பயந்துபோய் மறுபடி கலக்கியது. "ஐயா, இப்ப தொறந்தா வளையலும் இருக்காது ஒண்ணும் இருக்காது. எல்லாம் கரைஞ்சு நிக்கிற நேரம். நாப்பத்தெட்டாம் நாள்தான் அடியில கட்டும். பாதியில கலைச்ச தயிரு மாதிரி ஆயிடும்."

"தொறக்கலன்னா என் வீட்டுல நான் இருக்க முடியாது."

"தொறந்தா மட்டும் இருக்க முடியுமா ஐயா?"

சேதுபதி கடிகாரத்தைப் பார்த்தார். ரயிலுக்குக் கிளம்ப ஏழு நிமிஷம் இருந்தது.

"ஐயா," என்றான் ரத்னவேல். "உங்களுக்குத்தான் கை பழகியிருக்கு. ஒரே ஒரு உதவி. கீழ போய் நின்னுக்கிட்டே ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வந்துடுறேன். ஆறு நிமிஷம். மூணாவது டிரம்மு, அறுபத்தி ரெண்டுல இருக்கு."

துடுப்பு எப்படித் தன் கைக்கு வந்தது என்று சேதுபதிக்கு இன்றுவரை தெரியாது. படியில் ரத்னவேலின் செருப்புச் சத்தம் தடதடவென்று இறங்கிப் போனது. அவ்வளவு வேகமாக இறங்குகிறவன் ஆறு நிமிஷத்தில் ஏறி வரமாட்டான் என்பது அறுபத்தைந்தாவது சுற்றில் உறைத்தது.

தங்கச்சியை முடித்தார். தங்கச்சி மாமியாரை ஆரம்பித்தார். துடுப்பைப் போட்டுவிட்டு ஓடிவிடலாம்தான். ஆனால் அந்தப் பாட்டியின் பெயர் ஒட்டியிருந்த டிரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. செம்பவாங்கில் அவருடைய டிரம் பன்னிரண்டு மணிக் கலக்கலுக்காகக் காத்திருந்தது. இங்கே நின்றால் அது போகும். அங்கே போனால் இது போகும். ஜன்னல் வழியே எதிர்க்கடையில் யாரோ நிதானமாகப் பூ வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு முழம், பேரம் பேசி, வேண்டாமென்று நடந்து, திரும்பி வந்து. எவ்வளவு நேரம் இருக்கிறது இவர்களிடம் என்று பொறாமைப்பட்டுக்கொண்டே அடுத்த சுற்றைச் சுற்றினார்.

ஒரு கையால் கலக்கிக்கொண்டே மறுகையால் இருதயராஜைக் கூப்பிட்டார். வீட்டுச் சாவி ஒன்று எப்போதும் அவரிடம் இருக்கும்.

"இருதயம், மேல போயி என் டிரம்ம நூத்தெட்டுச் சுத்து கலக்கிடு. வலப்பக்கமா. உன்னோடத அப்புறம் பாத்துக்கலாம்."

"என்னோடது எங்க இருக்கு?"

"எங்க இருக்குன்னா?"

"நான் ஒம்போதாம் நாளே தொறந்துட்டேன் லா. மோதிரம் மோதிரமாத்தான் இருந்துச்சு, சேறு சேறாத்தான் இருந்துச்சு. கழுவிக் கையில போட்டுக்கிட்டேன். டிரம்முல இப்ப துணி ஊற வைக்கிறேன்."

சேதுபதியின் துடுப்பு நின்றது. "ஒம்போதாம் நாளா? முப்பது நாளா தினம் வந்து ஒக்காந்து பாத்தியே, ஏன்டா சொல்லல?"

"முப்பது வருஷம் என் வேலைய முதல்லேருந்து பண்ண வச்சே. நீ பண்றதப் பாக்க எனக்கு நல்லா இருந்துச்சு இன்ஸ்பெக்டர்."

சேதுபதி கோபப்படவில்லை. கோபத்துக்கு ஒதுக்க நிமிஷம் இல்லை. வளையல் கரைந்துவிட்டது என்று ஒருவன் சொல்கிறான். கரையவே கரையாது என்று இன்னொருவன் சொல்கிறான். தானாகப் பார்க்காத ஒன்றைப் பற்றி முடிவு சொல்ல வேண்டிய நிலைமை அவருக்கு முப்பத்து நாலு வருஷத்தில் வந்ததில்லை.

"தொற," என்றார்.

"என்னா?"

"என் டிரம்ம தொறடா. கைய விட்டு எடு."

போனை வைக்காமலேயே இருதயராஜ் ஒன்பதாவது மாடிக்குப் போனார். லிஃப்டில்தான் போனார். கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மூடி திருகும் சத்தம் கேட்டது. சளப்பென்று கை இறங்கும் சத்தம். சேதுபதி சின்ன அத்தையின் டிரம்மைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார்.

"இன்ஸ்பெக்டர், எத்தன வளையல் போட்ட?"

"ரெண்டு."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"ரெண்டுதான்டா. ஏன், ஒண்ணுதான் இருக்கா?"

"மூணு இருக்கு லா."

சாயங்காலம் ஐந்து மணிக்கு ரத்னவேல் திரும்பி வந்தான். தாடி இல்லை. தலைமுடி வெட்டியிருந்தான். பூங்காவில் ஒரு மரத்தடியில் மூன்று மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்ததாகச் சொன்னான். சேதுபதிக்கு ஒரு பிரியாணிப் பொட்டலம் வாங்கி வந்திருந்தான். மன்னிப்பு கேட்க வாயெடுத்தவன், அறையில் இருதயராஜ் நிற்பதையும், அவர் கைக்குட்டையில் மூன்று வளையல் இருப்பதையும் பார்த்துத் துடுப்பின் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"சேறு எங்க? அந்தச் சேறு எங்கண்ணே? அதுலதான் எல்லாம் இருக்கு!"

"டாய்லெட்ல ஊத்திட்டேனே," என்றார் இருதயராஜ். "நாத்தம் தாங்கல. மூணு தடவ தண்ணி விட்டேன்."

ரத்னவேல் அழுதான். இருந்தாலும் நான்காவது டிரம்முக்கு நேரமாகிவிட்டதால் எழுந்து கலக்கிக்கொண்டே அழுதான்.

சிராங்கூன் ரோட்டில் சிதம்பரம் என்று ஒரு பொற்கொல்லர். சேதுபதி மூன்றையும் அவர் முன்னால் வைத்தார். சிதம்பரம் உரசினார், எடை போட்டார், கண்ணாடி வில்லையை மாட்டிக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒவ்வொன்றும் இருபத்து நாலு கிராம். மூன்றிலும் 916 முத்திரை. முத்திரை இல்லாவிட்டால் கடையில் விற்க முடியாது என்பது அந்தப் பூச்சிக்குக்கூடத் தெரிந்திருந்தது. ஆனால் நசுங்கல்தான் விவகாரம். ஒரு வளையலில் மட்டும் இருந்த நசுங்கல் இப்போது மூன்றிலும், அதே ஓரத்தில், அதே அளவில் இருந்தது.

"ஒரே கை வேல," என்றார் சிதம்பரம். "முப்பத்தஞ்சு வருஷத்துக்கு முந்தி ஒரே நாளுல செஞ்சது. எங்க வாங்குனீங்க?"

"வீட்டுல."

வெளியே வந்ததும் இருதயராஜ் சொன்னார்: "இதுல என்னா யோசன? ஒண்ண ஒளிச்சு வச்சுட்டு ரெண்ட கொண்டுபோயி குடு."

"எத ஒளிக்கறது?"

"ஏதாவது ஒண்ண."

சேதுபதி விளக்குக் கம்பத்தடியில் நின்று மூன்றையும் பார்த்தார். கடுகளவு குமிழியைக் கண்டுபிடித்த கண் அது. நெளிவைப் பார்த்தார், உட்பக்கத் தேய்மானத்தைப் பார்த்தார், நகத்தால் தட்டிச் சத்தம் பார்த்தார். எது தன் மனைவியுடையது, எது பூச்சியுடையது என்று அவருக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரியாவிட்டாலும் சந்திரமதிக்குத் தெரியும். முப்பத்தைந்து வருஷம் அவள் கையில் கிடந்தது. எட்டு வருஷ வேண்டுதலுக்கு மகள் கையில் பூச்சி செய்த வளையலை ஏற்றிவிட்டு, அசல் ஒன்று செம்பவாங்கில் அலமாரியில் கிடந்தால்? நிச்சயமாகத் தெரியாத ஒன்றைப் பாஸ் பண்ணி அனுப்பும் பழக்கம் அவருக்கு இல்லை. மூன்றையும் எடுத்துக்கொண்டு போனார்.

வளைகாப்பு பாசிர் ரிஸில் மகள் வீட்டுக் கூடத்தில் நடந்தது. தட்டு நிறையக் கண்ணாடி வளையல், ஐந்து வகைச் சோறு, உட்கார இடமில்லாத அளவுக்குப் பெண்கள். சந்திரமதி சுருக்குப் பையை வாங்கினாள். திறக்குமுன்பே கையில் எடை தெரிந்துவிட்டது, முகம் மாறவில்லை. உள்ளே விரலை விட்டுத் தடவினாள். ஒன்று, இரண்டு என்று எடுத்து நிரஞ்சனாவின் இரண்டு கையிலும் ஏற்றினாள். மகளின் நெற்றியில் குங்குமம் வைக்கும்போது அவள் கண் நிறைந்திருந்தது. பிறகு மூன்றாவதை எடுத்து, யாரும் கவனிக்கும் முன்னே தன் கையில் போட்டுக்கொண்டு, "கொஞ்சம் சமையல்கட்டுக்கு வாங்க" என்றாள்.

"இது யாரோடது?"

"உன்னோடதுதான்."

"எனக்கு ரெண்டு. எங்கப்பா போட்டது ரெண்டு."

"மூணாவது தானா வந்துச்சு."

சந்திரமதி ரசத்தை ஒரு தடவை கிளறினாள். "டெங்குன்னீங்க. முட்டின்னீங்க. லிஃப்டுன்னீங்க. பெத்த பொண்ணு படுத்த படுக்கையா கெடக்குறா, நாப்பது நாள் எட்டிப் பாக்கல. போன் பண்ணா பாத்ரூமுலேருந்து பேசுறீங்க. இப்ப என் வளையல் மாதிரியே, அந்த நசுங்கல்கூட விடாம, ஒண்ணு செஞ்சு வச்சிருக்கீங்க. யாருக்கு?"

"யாருக்கும் இல்ல சந்திரா. வீட்டுல ஒரு டிரம்மு இருந்துச்சு. ரெண்டு மணிக்கொரு தரம் கலக்குனேன்."

"எத?"

சொன்னார். மலை, சேறு, பூச்சி, உறை, மண்டலம் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் காதுக்கே அது எப்படிக் கேட்டது என்றால், சாக்கட்டியை எடுத்துத் தன் வாயைச் சுற்றியே வட்டம் போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது. முப்பத்தைந்து வருஷத்தில் அவர் அவளிடம் சொன்ன முதல் முழு உண்மை அதுதான்.

"இருதயத்தக் கேளு. அவன்தான் கைய விட்டு எடுத்தான்."

கூடத்தில் புளிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்த இருதயராஜைக் கூப்பிட்டார்கள். அவர் சேதுபதியைப் பார்த்தார், சந்திரமதியைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். முப்பது வருஷம் அவர் கண்ணில் ஒரு வட்டமாகச் சுற்றி வந்தது.

"எனக்கு எதுவும் தெரியாது அண்ணி," என்றார். "அப்பளம் இன்னும் இருக்கா?"

வளைகாப்பு முடிந்து பத்தொன்பதாம் நாள் நிரஞ்சனாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது; தாயும் சேயும் நலம். ரத்னவேல் நாற்பத்தெட்டாம் நாள் வந்த டிரம்களை ஒவ்வொன்றாகத் திறந்தான்; போட்டது போட்டபடி இருந்தது, ஒரு குந்துமணி கூடவுமில்லை குறையவுமில்லை. எல்லார் தங்கத்தையும் கழுவித் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி டியூஷன் எடுக்கிறான். வாரம் ஒரு தடவை சேதுபதிக்கு போன் பண்ணி, "ஐயா, நீங்க அப்படி என்னதான் வித்தியாசமா பண்ணீங்க?" என்று கேட்கிறான். மாத்திரை விஷயம் அவர் வாய்வரை வரும். வெளியே சொல்வதில்லை, சொன்னால் மறுபடி டிரம் வந்துவிடும் என்று பயம்.

செம்பவாங் வீட்டை வாடகைக்கு விட்டாயிற்று. சேதுபதி இப்போது பாசிர் ரிஸில் மகள் வீட்டின் பின்னறையில் இருக்கிறார். தனியாக எங்கேயும் போக அனுமதி இல்லை. கொத்தமல்லி வாங்கக் கீழே இறங்கினாலும் சந்திரமதி கூடவே இறங்குகிறாள். லிஃப்டுக்குள் இரண்டு பேரும் எதிரெதிரே நிற்கும்போது அவள் கையை மடித்து, மூன்றாவது வளையல் அவர் கண்ணில் படுகிற மாதிரி வைத்துக்கொள்கிறாள். ஒரு வார்த்தை பேசுவதில்லை. கீழ்மாடி வந்து கதவு திறக்கும் வரை அவர் எண்களையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.